கடலோர ஊர் மேல குண்டு விழுந்தப்ப செத்துப்போன ரயில்வே தொழிலாளியை எப்படித் தேடிக் கண்டுபிடிக்கறது

1914 டிசம்பர் 16, புதன்கிழமை. பொழுது சரியா விடியக்கூட இல்ல, காலைல எட்டு மணி சுமாருக்கு ஜெர்மன் போர்க்கப்பல்கள் இங்கிலாந்தோட வடகிழக்குக் கரைக்குப் பக்கத்துல வந்து நின்னு ஸ்கார்பரோ, ஹார்ட்டில்பூல், விட்பின்னு மூணு ஊர் மேலயும் குண்டு போட்டுச்சு. ஊர்ல நிறைய பேர் அப்பதான் அடுப்பு மூட்டிக்கிட்டு இருந்திருப்பாங்க, ஆனா ரயில்வேக்காரங்க அந்நேரம் டூட்டில இருக்கறவங்க, லைன்ல, யார்டுல, டாக்குல, பார்சல் வண்டியிலன்னு எல்லாம் திறந்த வெளி. அவங்கள்ல சிலர் அங்கயே செத்தாங்க, சிலர் காயத்தோட மிச்ச காலத்தை ஓட்டினாங்க. அப்படி ஒரு ஆளோட பேர், என்ன வேலை, எந்த இடம், பின்னாடி குடும்பம் என்ன ஆச்சுங்கறதை இங்க உக்காந்துக்கிட்டே எப்படித் தேடறதுன்னுதான் இதுல எழுதறேன். அந்த ஒரு நாளை உதாரணமா வச்சுச் சொல்றேன், வேற தாக்குதலுக்கும் இதே வழி பெரும்பாலும் செல்லும்.

நமக்கு இது ரொம்ப அந்நியமான கதையும் இல்ல. அதுக்கு மூணு மாசம் முன்னாடி, செப்டம்பர் 22 ராத்திரி, அதே ஜெர்மன் கடற்படையோட எம்டன் கப்பல் மெட்ராஸ் துறைமுகத்துக்குப் பக்கத்துல வந்து எண்ணெய் டேங்குகளைக் கொளுத்திட்டுப் போச்சு. கப்பல்ல இருந்து ஊர் மேல சுட்டா முதல்ல சிக்கறது கரையோரமா வேலை செய்யற ஆளுங்கதான், அது எந்த ஊரா இருந்தாலும்.

தேட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு விஷயத்தை நல்லா மனசுல வாங்கிக்கோங்க. எல்லாரும் போர்ல செத்தவங்கன்னா முதல்ல காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தோட தளத்துலதான் பேரைப் போட்டுப் பாப்பாங்க. முதல் உலகப் போரைப் பொறுத்தவரை அதுல படைல இருந்தவங்கதான் இருப்பாங்க, ஊர்ல செத்த சாதாரண ஜனங்க இருக்க மாட்டாங்க. அடுத்தது இந்த மூணு ஊர்லயும் அப்ப ரயில் ஓட்டின நார்த் ஈஸ்டர்ன் ரயில்வே கம்பெனியோட நினைவுச்சின்னம், யார்க் நகரத்துல இருக்கு, லுட்யன்ஸ் வடிவமைச்சது, 1924ல திறந்தாங்க, 2,236 பேர் அதுல இருக்கு, ஆனா அந்த வரிசை கம்பெனிய விட்டுப் படைக்குப் போய்ச் செத்தவங்களை மனசுல வச்சுச் செஞ்சது, அதனால உங்க ஆள் அதுல இருப்பாருன்னு நம்பி உக்காந்துடாதீங்க. மூணாவது ரயில்வே விபத்து அறிக்கைகள். தொழிலாளி வேலைல செத்தா அரசாங்க இன்ஸ்பெக்டர் விசாரிச்சு எழுதற அறிக்கை அது, ஆனா அங்க பாக்கறது வண்டி ஓட்டத்துல, ஷண்டிங்ல (யார்டுல பெட்டிகளைப் பிரிச்சுச் சேக்கற வேலை) வர்ற விபத்தைத்தான், எதிரிக் கப்பல்ல இருந்து வந்த குண்டு அந்தக் கணக்குல சேராது. ஆக இந்த மனுஷன் சிப்பாயும் இல்ல, விபத்துல செத்தவரும் இல்ல, ரெண்டு லிஸ்டுக்கும் நடுவுல விழுந்துட்டாரு. என் கருத்து என்னன்னா போர்ப் பக்கம் இருந்து தேடாம அன்னிக்கு அவர் பாத்துக்கிட்டு இருந்த வேலைப் பக்கம் இருந்து தேடணும், அப்பதான் ஆள் கிடைப்பாரு.

முதல்ல ஊரையும் மணியையும் சரியா முடிவு பண்ணுங்க. ஹார்ட்டில்பூலை அடிச்சது சைட்லிட்ஸ், மோல்ட்கே, ப்ளூஷர்னு மூணு கப்பல். அங்க முதல் குண்டு விழுந்த இடத்துல ஒரு பலகை வச்சிருக்காங்க, அதுல காலை 8.10னு நேரமே இருக்கு. சுமார் நாப்பது நிமிஷத்துல ஆயிரத்துக்கும் மேல குண்டு. அங்க கரையில ராணுவப் பீரங்கி இருந்துச்சு, அவங்க திருப்பிச் சுட்டாங்க, ஆனாலும் கேஸ் ஒர்க்ஸ், கப்பல் கட்டற யார்டு, டாக்கு, தெரு தெருவா வீடுன்னு எல்லாத்துலயும் விழுந்துச்சு, நூறு பேருக்கும் மேல செத்தாங்க, மூணு ஊர்ல மோசமா அடிபட்டது இதுதான். ஸ்கார்பரோவ அடிச்சது டெர்ஃப்லிங்கர், ஃபான் டெர் டான். அங்க திருப்பி அடிக்க ஒண்ணுமே கிடையாது. ஜனங்க பயந்து ஸ்டேஷனுக்கு ஓடினாங்க, கைல கிடைச்ச பொருளோட, நைட் டிரஸ்லயே கூட, அந்தக் கூட்டத்தைச் சமாளிச்சதும் ரயில்வே ஆளுங்கதான். அங்க முடிச்சுட்டு அதே ரெண்டு கப்பலும் வடக்கே போய் ஒன்பது மணிக்கு மேல விட்பிய அடிச்சுச்சு. 

இந்த விட்பி விஷயத்தைக் கொஞ்சம் நின்னு பாக்கணும். கப்பல் குறி வச்சது குன்று மேல இருந்த சிக்னல் ஸ்டேஷனை, ஆனா குண்டுங்க அதைத் தாண்டி பின்னாடி ஊருக்குள்ள போய் விழுந்துச்சு, அப்படித்தான் ரயில்வேல குதிரை வண்டி ஓட்டிக்கிட்டு இருந்த ஒரு தொழிலாளி ரயில்வே கிராசிங் பக்கத்துல செத்துப்போனாரு. மேப்பை வச்சுப் பாத்தா குறி வச்ச இடம் எங்கயோ, இவர் செத்த இடம் எங்கயோ. அதனால "கோட்டை பக்கத்துல, பீரங்கி பக்கத்துலதான் செத்திருப்பாங்க"ன்னு முன்கூட்டியே முடிவு கட்டாம, பழைய ஆர்டினன்ஸ் சர்வே (பிரிட்டன் அரசாங்க நில அளவைத் துறை) மேப்பை ஓப்பன் பண்ணி வச்சுக்கிட்டு (ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தோட தளத்துல இங்கிலாந்து மேப்பும் இலவசமா இருக்கு) கூட்ஸ் ஷெட் எங்க, சைடிங் எங்க, லெவல் கிராசிங் எங்கன்னு முதல்ல குறிச்சு வையுங்க. பின்னாடி பேப்பர்ல தெருப் பேர் வரும்போது சட்டுனு பொருந்தும்.

இன்னொண்ணு, அப்ப ஹார்ட்டில்பூலும் வெஸ்ட் ஹார்ட்டில்பூலும் தனித்தனி ஊரு, தனித்தனி நகராட்சி. ஒரு பேரை மட்டும் போட்டுத் தேடினா பாதி ஆளுங்க கைய விட்டுப் போயிடுவாங்க.

அடுத்து யாரை ரயில்வே தொழிலாளின்னு கணக்குல எடுக்கறது. நம்ம மனசுல ரயில்வேன்னா டிரைவர், கார்டு, ஸ்டேஷன் மாஸ்டர், கேங்மேன். ஆனா நார்த் ஈஸ்டர்ன் கம்பெனி ரயில் மட்டும் ஓட்டல, பிரிட்டன்ல டாக்கு அதிகமா வச்சிருந்த ரயில்வே கம்பெனியே அதுதான், வெஸ்ட் ஹார்ட்டில்பூல் டாக்கு, ஹல் டாக்கு எல்லாம் அவங்களோடது. டர்ஹம் சுரங்கத்து நிலக்கரி வேகன்ல வந்து அங்கதான் கப்பல்ல இறங்கும். அதனால டாக்குல கிரேன் ஓட்டறவர், டாக்கு கேட்டைத் திறந்து மூடறவர், வேகனைக் கவுத்து நிலக்கரியக் கொட்டற டீமர் இவங்க எல்லாருமே ரயில்வே சம்பளக்காரங்களா இருந்திருக்கலாம். பேப்பர்ல வெறும் "டாக் லேபரர்"னு போட்டிருப்பான், நீங்க அதைப் பாத்துட்டு இவர் ரயில்வே இல்லன்னு தள்ளிடக் கூடாது. அதே நேரம் கப்பலுக்குள்ள நிலக்கரிய நிரவற டிரிம்மர் பெரும்பாலும் வேற ஏற்பாட்டுல வேலை பாத்தவங்க, அவங்களைக் கண்ணை மூடிக்கிட்டு ரயில்வேல சேத்துடவும் கூடாது. ரெண்டு பக்கமும் ஜாக்கிரதை வேணும்.

தேடும்போது போட வேண்டிய வேலைப் பேருங்க: நம்ம கேங்மேனுக்கு அங்க பிளேட்லேயர், தட்டையான குதிரை வண்டி ஓட்டறவருக்கு அந்தப் பக்கம் ரல்லிமேன் (வேற கம்பெனில கார்ட்டர்), அப்புறம் ஷண்டர், பாயிண்ட்ஸ்மேன், சிக்னல்மேன், போர்ட்டர், டீமர், எஞ்சின் கிளீனர், ஃபயர்மேன். எஞ்சின் கிளீனர்னா சின்னப் பசங்க, பதினஞ்சு பதினாறு வயசுப் பையன்கூட இருப்பான், அதனால வயசைப் பாத்து ஆளை ஒதுக்காதீங்க.

இப்ப இறப்புப் பதிவு. இங்கிலாந்து பொதுப் பதிவு அலுவலகத்தோட இண்டெக்ஸ் ஆன்லைன்ல இருக்கு, கணக்குத் தொடங்கறது இலவசம், சான்றிதழ் நகலுக்குத்தான் காசு. அந்த இண்டெக்ஸ் மூணு மூணு மாசமாப் பிரிச்சு இருக்கும், டிசம்பர் 16ங்கறதால 1914 டிசம்பர் காலாண்டுல பாக்கணும், மாவட்டம் ஹார்ட்டில்பூல், ஸ்கார்பரோ, இல்ல விட்பி. இதுல நிறைய பேர் கோட்டை விடற இடம் ஒண்ணு இருக்கு, காயம்பட்டு ஆஸ்பத்திரில கிடந்து ஜனவரில, பிப்ரவரில செத்தவங்க 1915 மார்ச் காலாண்டுல இருப்பாங்க. ஹார்ட்டில்பூல் கணக்கு ஒவ்வொரு இடத்துல ஒவ்வொரு மாதிரி இருக்கறதுக்கு இதுவும் ஒரு காரணம், அன்னிக்கே செத்தவங்களை மட்டும் எண்ணினா ஒரு எண்ணு, பின்னாடி செத்தவங்களையும் சேத்தா இன்னொரு எண்ணு. 

சான்றிதழ் வாங்கினா மூணு கட்டத்தை நல்லா பாருங்க. செத்த இடம், அது வீடா தெருவா ஆஸ்பத்திரியா டாக்கான்னு. தொழில், அதுல கம்பெனி பேர் இருக்கலாம் இல்லாமலும் போகலாம். தகவல் கொடுத்தவர் யாரு, அங்க காரனர் (மரண விசாரணை அதிகாரி)னு இருந்தா மரண விசாரணை நடந்திருக்குன்னு அர்த்தம், விசாரணைத் தேதியும் அதுலயே இருக்கும், அந்தத் தேதிய எடுத்துக்கிட்டு அடுத்த ரெண்டு மூணு நாள் உள்ளூர் பேப்பருக்குப் போங்க.

பேப்பர்தான் எல்லாத்தையும் விடப் பெரிய சுரங்கம், இதுல நேரம் செலவு பண்ணத் தயங்கவே கூடாது. பிரிட்டிஷ் நியூஸ்பேப்பர் ஆர்க்கைவ்ல காசு கட்டிப் பாக்கணும், ஒரு மாசச் சந்தா போட்டுக்கிட்டு அந்த மாசத்துலயே வேலைய முடிக்கப் பாருங்க. ஹார்ட்டில்பூலுக்கு நார்தர்ன் டெய்லி மெயில், விட்பிக்கு விட்பி கெஸட், ஸ்கார்பரோவுக்கு ஸ்கார்பரோ மெர்க்குரி. லண்டன் பெரிய பேப்பர்ங்க பக்கம் முதல்ல போகாதீங்க, அங்க எல்லாம் "ஸ்கார்பரோவை மறக்காதே"ன்னு படைக்கு ஆள் சேக்கற போஸ்டர் பத்தியும், அப்ப கடற்படை அமைச்சரா இருந்த சர்ச்சில் ஸ்கார்பரோ மேயருக்கு எழுதின லெட்டர் பத்தியும்தான் பக்கம் பக்கமா இருக்கும், குதிரை வண்டி ஓட்டினவரைப் பத்தி ஒரு வரி கிடைச்சாலே பெரிசு. குழந்தைங்களும் பொம்பளைங்களும் செத்தது ஆள் சேர்ப்புக்கு உதவுச்சு, டூட்டில செத்த அம்பது அறுபது வயசுக்காரர் போஸ்டர்ல வர மாட்டாரு. எனக்கு இதை நினைச்சா இன்னமும் மனசு கஷ்டமாத்தான் இருக்கு.

பேப்பர்ல தேடறதுக்கு ஒரு பக்குவம் வேணும். பழைய பேப்பரை ஸ்கேன் பண்ணி கம்ப்யூட்டர் படிச்சு வச்ச எழுத்து அது, பாதி எழுத்து தப்பா இருக்கும், அதனால முழுப் பேரைப் போட்டா வராது. குடும்பப் பேர் மட்டும், இல்ல தெருப் பேரும் வேலைப் பேரும் சேத்து, தேதிய டிசம்பர் 16ல இருந்து ஜனவரி கடைசி வரைக்கும் குறுக்கி வச்சுத் தேடுங்க. முதல் நாள் லிஸ்டை நம்பாதீங்க, அதுல பேர் ஸ்பெல்லிங் மாறியிருக்கும், உயிரோட இருக்கறவரையே செத்துட்டார்னு போட்டிருக்கவும் வாய்ப்பு இருக்கு, நாலஞ்சு நாள் லிஸ்டைப் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒப்பிடணும். அதுக்கப்புறம் சாவு ஊர்வலச் செய்தி. இதை யாருமே சரியா படிக்கறதில்ல. சவப்பெட்டிய யார் தூக்கினாங்க, யார் மாலை அனுப்பினாங்கன்னு எழுதியிருப்பாங்க, "கூட்ஸ் டிபார்ட்மெண்ட் சக தொழிலாளிகள்", "யூனியன் கிளை"ன்னு ஒரு வார்த்தை வந்தாப் போதும், அவர் எந்த டிபார்ட்மெண்ட், எந்த யூனியன்னு தெரிஞ்சுடும், வேற எந்த ஆவணத்துலயும் இது இவ்வளவு சுலபமா கிடைக்காது.

யூனியன் தெரிஞ்சா அந்தக் கயித்தைப் புடிச்சுக்கிட்டு மேல போகலாம். 1913லதான் மூணு சங்கம் ஒண்ணா சேந்து தேசிய ரயில்வேக்காரர் சங்கம் உண்டாச்சு, அதனால 1914ல செத்தவரோட பழைய உறுப்பினர் பதிவு முந்தின சங்கத்துப் பேர்ல இருக்கும். டிரைவர், ஃபயர்மேனுக்குத் தனிச் சங்கம், கிளார்க்குக்குத் தனிச் சங்கம். தேசிய ரயில்வேக்காரர் சங்கத்துப் பேப்பருங்க வார்விக் பல்கலைக்கழகத்துல மாடர்ன் ரெக்கார்ட்ஸ் சென்டர்ல இருக்கு. அப்பன் செத்த பிள்ளைங்களுக்குன்னு சங்கம் ஒரு அனாதைப் பிள்ளைகள் நிதி வச்சிருந்துச்சு, தொழிலாளிங்க வாராவாரம் காசு போட்டு நடத்தினது, அதுல உதவி வாங்கின குடும்பங்களோட விவரம் பல ஆண்டு அறிக்கைகள்ல இருக்கு. அந்த சென்டருக்கு ஈமெயில் போட்டுக் கேட்டா பொறுமையா பதில் சொல்ற பழக்கம் உள்ள இடம், ஆனா பேர், ஊர், செத்த தேதி, வேலை நாலும் குறிச்சு அனுப்புங்க, "1914ல செத்த ரயில்வேக்காரர் யாராவது இருக்காங்களா"ன்னு பொத்தாம்பொதுவா கேட்டா அவங்களுக்கும் கஷ்டம்.

கம்பெனிப் பக்கம்னு பாத்தா லண்டன் கியூவுல இருக்கற தேசிய ஆவணக் காப்பகத்துல நார்த் ஈஸ்டர்ன் கம்பெனியோட பேப்பர்கள் ரெயில் 527ங்கற வரிசைல இருக்கு. ஆன்லைன் கேட்டலாக்கைத் துழாவலாம், ஆனா உள்ள இருக்கற பக்கத்தைப் பாக்க நேர்ல போகணும் இல்ல நகலுக்குக் காசு கட்டணும். கம்பெனி தன்னோட ஸ்டாஃபுக்குன்னு மாசப் பத்திரிகை ஒண்ணு நடத்துச்சு, 1915 ஆரம்ப மாச இதழ்களைத் தேடிப் பாருங்க, யார்க் தேசிய ரயில்வே மியூசியத்து நூலகத்துல கேக்கலாம்.

குடும்பத்தைப் பத்தித் தெரிஞ்சுக்க 1911, 1921 ரெண்டு மக்கள்தொகைக் கணக்கும் போதும். 1911 தாள் வீட்டுக்காரரே கைப்பட நிரப்பினது, அதனால அவரோட கையெழுத்தே பல நேரம் உங்க கண்ணு முன்னாடி இருக்கும். 1921ல வேலை கொடுக்கற முதலாளி யாருன்னும் கேட்டிருக்காங்க, சின்னப் பிள்ளைங்களுக்கு அப்பா அம்மா உயிரோட இருக்காங்களான்னு ஒரு கட்டம் இருக்கு, அந்தக் கட்டத்துல அப்பா இல்லன்னு எழுதியிருக்கறதைப் பாத்தாப் போதும், ஏழு வருஷம் முன்னாடி நடந்தது அந்த வீட்டுல என்ன செஞ்சுதுன்னு புரியும். மூத்த பையன் அதே யார்டுல வேலைக்குச் சேந்திருக்கானான்னும் கவனிங்க.

காயம்பட்டவங்களைத் தேடறதுதான் உள்ளதுலயே கஷ்டம். இறப்புப் பதிவு கிடையாது, விசாரணை கிடையாது, பேப்பர்ல ஒரு வரி வந்துட்டு ஆள் காணாமப் போயிடுவாரு. இதுக்கு நான் சொல்ற வழி, 1911ல அவர் என்ன வேலை, 1921ல என்ன வேலை, ரெண்டாம் உலகப் போர் தொடங்கினதும் 1939 செப்டம்பர்ல பொது ஜனங்களைக் கணக்கெடுத்த பதிவேட்டுல என்ன வேலைன்னு மூணையும் வரிசையா எழுதி வையுங்க. ஷண்டரா இருந்தவர் பின்னாடி கிராசிங் கேட் கீப்பராவோ, விளக்கு ரூம் ஆளாவோ, டிக்கெட் கலெக்டராவோ மாறியிருந்தா கவனிக்க வேண்டியது. கை கால் போன தொழிலாளிக்கு ரயில்வே கொடுக்கற லேசான வேலை அங்கயும் நம்ம ஊர்லயும் ஒண்ணுதான். ஆனா வேலை மாறினதுக்கு குண்டுக் காயம்தான் காரணம்னு நீங்களா எழுதிடாதீங்க, வயசாகியிருக்கலாம், ஷண்டிங்ல வேற விபத்து நடந்திருக்கலாம், ஷண்டிங் அந்தக் காலத்துல குண்டு விழாமலேயே ஆள் செத்த வேலை. ஆவணம் சொன்னாத்தான் எழுதணும்.

சிப்பாயா சிவிலியனாங்கற குழப்பமும் வரும். அன்னிக்கு ஹார்ட்டில்பூல்ல டர்ஹம் லைட் இன்ஃபன்ட்ரியோட 18ஆவது பட்டாலியன் ஆளுங்களும் செத்தாங்க, அவங்க எல்லாம் நாலு மாசம் முன்னாடி வரைக்கும் வேற வேலை பாத்தவங்க. நார்த் ஈஸ்டர்ன் கம்பெனியே தன் ஆளுங்களை வச்சு ஒரு பட்டாலியன் திரட்டுச்சு. அதனால ரயில்வே ஆள் ஒருத்தர் யூனிஃபார்ம் போட்டுச் செத்திருந்தா அவர் கல்லறை ஆணையத்து லிஸ்ட்ல, நினைவுச்சின்னத்துல எல்லாம் கிடைப்பாரு, சிவிலியனா செத்தவர்தான் கிடைக்க மாட்டாரு. முதல்ல இதை உறுதி பண்ணிக்கிட்டா பாதி அலைச்சல் மிச்சம்.

வேற தாக்குதல்னா கம்பெனி மாறும், அவ்வளவுதான். கிரேட் யார்மவுத் (1914 நவம்பர் 3), லோஸ்டாஃப்ட் (1916 ஏப்ரல் 25) ரெண்டுக்கும் கிரேட் ஈஸ்டர்ன் ரயில்வே, லோஸ்டாஃப்ட் துறைமுகமே அவங்களோடது, கியூ காப்பகத்துல ரெயில் 227. ரெண்டாம் உலகப் போருக்கு வேலை கொஞ்சம் சுலபம், ஏன்னா அந்தப் போர்ல செத்த சிவிலியன்களுக்குன்னு கல்லறை ஆணையமே தனிப் பதிவேடு வச்சிருக்கு, அறுபதாயிரத்துக்கும் மேல பேரு, முகவரி, செத்த இடம் எல்லாம் இருக்கும், தொழில் மட்டும் பெரும்பாலும் இருக்காது, அதுக்கு 1939 பதிவேட்டோட ஒட்டிப் பாக்கணும். ஹோம் கார்டுல (உள்ளூர் ஆளுங்க சேந்த காவல் படை) இருந்த ரயில்வே ஆளு டூட்டில செத்திருந்தா படை லிஸ்ட்ல போயிருப்பாரு, அங்கயும் ஒரு தடவை பாத்துடுங்க.

நம்ம பக்கத்துலயும் செய்ய வேண்டியது நிறைய இருக்கு. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு, ஜப்பான் விமானங்க கொழும்பைத் தாக்கினப்ப துறைமுகத்தோட ரத்மலானை ரயில்வே ஒர்க்ஷாப் மேலயும் குண்டு விழுந்துச்சு. மறுநாள் ஏப்ரல் 6 விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும், அப்ப ரெண்டுமே மெட்ராஸ் மாகாணம். அங்க தேடறவங்க இலங்கை தேசிய ஆவணக் காப்பகத்துல சிலோன் அரசாங்க ரயில்வேயோட வருஷ நிர்வாக அறிக்கைகளையும், எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துல மாகாண அரசுப் பேப்பர்களையும் கேளுங்க. விசாகப்பட்டினத்துல ரயில்வேன்னா பெங்கால் நாக்பூர், மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரெண்டும் வால்டேர்ல வந்து சேருது, எந்தக் கம்பெனி ஆளுன்னு பிரிச்சுப் பாக்கணும். வீரகேசரி, தினமணி, ஹிந்து பழைய இதழ்களைப் புரட்டலாம், ஆனா போர்க்கால தணிக்கை இருந்துச்சு, பேப்பர்ல கம்மியா இருக்குன்னா கம்மியாத்தான் செத்தாங்கன்னு எடுத்துக்க முடியாது. ரத்மலானை, தெமட்டகொடை, மருதானைப் பக்கம் தாத்தா ரயில்வேல இருந்த குடும்பம் உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா அவங்க வீட்டுல இருக்கற சர்வீஸ் புக்கு, பென்ஷன் பேப்பர், பழைய போட்டோ எல்லாத்தையும் இப்பவே ஸ்கேன் பண்ணி வாங்கிக்கோங்க, காப்பகம் அப்படியே இருக்கும், வீட்டுப் பெட்டி இருக்காது.

கிடைச்சதை எழுதி வைக்கறப்ப ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்துலயே எங்க இருந்து எடுத்தீங்க, எந்தத் தேதி பேப்பர், எந்தப் பக்கம்னு போடுங்க. உறுதி இல்லாததைக் காலியா விடுங்க. "வீரமரணம்"னு போட்டுடாம அவர் என்ன செஞ்சுக்கிட்டு இருந்தாரோ அதை எழுதுங்க, குதிரைய ஓட்டிக்கிட்டு இருந்தாரு, வேகனைக் கவுத்துக்கிட்டு இருந்தாரு, வீட்டுல இருந்து டூட்டிக்கு நடந்து போய்க்கிட்டு இருந்தாருன்னு. பிரிட்டன் ஆளுன்னா போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகம், யார்க் ரயில்வே மியூசியம், வார்விக் சென்டர் மூணும் சேந்து ரயில்வே தொழிலாளிகளோட சாவு, காயம் பத்தி ஒரு பெரிய தரவுத்தளம் நடத்தறாங்க, இலவசமா தேடலாம், நீங்க கண்டுபிடிச்சதை அவங்களுக்கு ஆதாரத்தோட அனுப்புங்க. இலங்கை, ஆந்திரா ஆளுங்கன்னா அந்தக் குடும்பத்துக்கு ஒரு பிரிண்ட் எடுத்துக் கொடுத்துட்டு அதுக்கப்புறம் மத்த இடத்துல போடுங்க.